ஆடிக்கு முன் வந்த கார்

பேட்டரியைச் சோதித்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்று என் தங்கை மகளிடம் சொன்னேன். அது பொய். யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கலாமே என்று கார் விற்றவனே கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்தான்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா அதே தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, வரிசை வீடுகளான லயங்களை இடித்து, பழைய தொழிலாளர் குடும்பங்களுக்குத் தோட்டத்து ஓரத்தில் வீடு கட்டிக் கொடுத்த பிறகும் ஒரு பழக்கம் மட்டும் மாறவில்லை. பெரிதாக எதை வாங்கினாலும், எதில் கையெழுத்துப் போட்டாலும் எங்கள் வீட்டு ஆளைக் கூட அழைத்துப் போவார்கள். முன்பு அப்பா, அப்புறம் நான். "சாரு பாத்துட்டாரு" என்றால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. பல வருடங்கள் அப்படியே இருந்துவிட்டால், பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்வது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை.

தங்கை எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கணவர் இல்லை. ஒரே மகள், எனக்கு மருமகள் முறை. சிரம்பானில் ஒரு ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ் வேலை. அவளுடைய பழைய கார் இனி ஓடாது என்று ஆனபோது கூட வேலை செய்கிறவர்கள் சிரம்பானிலேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மாவை அங்கே கொண்டுபோக முடியாது. அறை மாடியில். அம்மாவும் வரமாட்டாள். பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார். இரவு மகள் வந்து தூக்கிப் படுக்க வைத்தாக வேண்டும். ஆகவே அவளுக்கு வேண்டியதெல்லாம், தினமும் கோலா பிலா தாண்டி, புக்கிட் புத்துஸ் மலை ஏறி இறங்கி, சிரம்பான் போய்த் திரும்பும் ஒரு கார். அது ஓடினால் தாயும் மகளும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஓடாவிட்டால் முடியாது.

அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகாது, மின்சாரக் கார்தான் சரி என்று அவள் முடிவு செய்திருந்தாள். புதியது எட்டாது. பழையது வாங்க இரண்டு வழி இருந்தது. காரைச் செய்யும் கம்பெனியே பழைய கார்களைத் திரும்ப வாங்கி, சோதித்து, பேட்டரிக்கு உத்தரவாதம் கொடுத்து விற்றது. இல்லையென்றால் சாலையோரத்தில் கொடி கட்டிக் கார்களை நிறுத்தி வைத்திருக்கும் பழைய கார் கடை.

முதலில் கம்பெனி ஷோரூமுக்குப் போனோம். அங்கே இருந்த சீனப் பெண் சின்ன வயது. என்னைப் பார்த்து, "அங்கிள், டுடோக் டுலு", முதலில் உட்காருங்கள் என்று ஓரத்து நாற்காலியைக் காட்டிவிட்டு மருமகளிடம் பேச ஆரம்பித்தாள். நான் எழுந்துபோய் மைலேஜ் எவ்வளவு, முன்பு யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் பதிலை என் மருமகளைப் பார்த்துச் சொன்னாள். இருவரும் பேட்டரியின் ஆரோக்கியம் இத்தனை சதவீதம், வேகச் சார்ஜில் எத்தனை முறை போட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் இல்லை. ஷோரூமில் குளிர் அதிகம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை, பதிவு எல்லாம் முடித்துக் கார் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்றாள் அந்தப் பெண். மருமகள் சரி என்று தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது நான் சொன்னேன்: "மூணு வாரம்னா ஆடி பொறந்துருமே. ஆடியில காடி எடுத்தா உங்கம்மா ஒத்துக்குவாளா?"

"ஆடி முடிஞ்சு எடுத்துக்கலாம் மாமா."

"அதுவரைக்கும் எப்படிப் போவ? அம்மாவ யாரு தூக்குவா?"

ஆடி மாதத்தில் எதையும் வாங்கக்கூடாது என்பதை நான் என்றுமே நம்பியதில்லை. பள்ளியில் இருந்தபோது அதைக் கேலி செய்தவன். அன்று ஷோரூமுக்கு எதிராக என் கையில் வேறு எதுவும் இல்லை, அதனால் ஆடியை எடுத்தேன்.

தம்பினில் பழைய கார் கடை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். போன் செய்தேன். அதே மாதிரி மின்சாரக் கார், வெள்ளை நிறம், இப்போதுதான் வந்தது என்றான். மருமகளுக்கு அன்று வேலை, வர முடியவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்க மாமா. ஒன்னே ஒன்னு மட்டும். பேட்டரிய சோதிச்சாங்களான்னு கேளுங்க. அது சரியா இருந்தா மத்ததெல்லாம் பரவால்ல" என்றாள். அதையே மறுபடி ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பினாள்.

கடையில் என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து வந்து காலைத் தொட்டான். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய சொந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தான். நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ வந்தது.

"சார் வந்து என் கடையில காடி எடுக்கறதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும் சார்."

"வாரண்டி உண்டாப்பா?"

"ஒரு வருசம் சார். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும்."

நான் யோசித்தேன். "இதுக்கு எஞ்சினே இல்லையே?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதான் சார்! எஞ்சின் இல்லாத காடியில எஞ்சின் எப்படி சார் கெடும்? உங்களுக்குத்தான் லாபம்!" நானும் சிரித்தேன். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சிரித்து முடித்த பிறகு அவனே சொன்னான். "பேட்டரிய வேணும்னா ஸ்கேன் போட்டுப் பாக்கலாம் சார். எங்கிட்ட மிசின் இல்ல. வெளிய குடுக்கணும். ரெண்டு மூணு நாள் ஆவும்."

ஆடி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. ஸ்கேன் போட்டு ஏதாவது குறை தெரிந்தால் மறுபடி அந்தக் குளிர் அறைக்குப் போக வேண்டும், ஓரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். அதுதான் என் மனதில் ஓடியது.

"வேணாம்பா. உன்மேல நம்பிக்கை இருக்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் மருமகள் போனில் கேட்டாள். "பேட்டரி மாமா?"

"பாத்தாச்சு. சோதிச்சுட்டாங்க. நல்லா இருக்கு."

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் தோட்டத்து மாரியம்மன் கோவில் முன்னால் கார் நின்றது. மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். தங்கையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தோம். "சத்தமே இல்லாம போவுதே!" என்று ஆச்சரியப்பட்டாள். பூசாரி எனக்குத்தான் முதலில் திருநீறு கொடுத்தார்.

முதல் சில வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, மருமகள் வீட்டுக்கு வரும்போது காரின் கண்ணாடிகள் திறந்தே இருப்பதைக் கவனித்தேன். வெயிலிலும் குளிரூட்டி போடாமல் வந்தாள். சீருடை முதுகில் நனைந்திருக்கும். "காத்து நல்லாருக்கு மாமா" என்றாள். மலை ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகவே போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சிரம்பானில் சார்ஜ் போடும் இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு வருகிறாள், அதனால்தான் வர இருட்டிவிடுகிறது என்று தங்கை சொன்னாள். பேட்டரி தாங்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் நான் சொன்னதைப் பற்றியும் பேச்சு வரும்.

தங்கைக்குச் சிரம்பானில் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. துணைக்கு நானும் போனேன். முன் சீட்டில் நான், பின்னால் தங்கை, டிக்கியில் சக்கர நாற்காலி. எல்லாம் முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. சார்ஜ் போடும் இடத்தில் வேறு கார்கள் வரிசையில் நின்றன. தங்கை காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்தாள், முகம் வாடிப்போயிருந்தது. மருமகள் காரின் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "முப்பத்தாறு சதவீதம் இருக்கு. போயிரலாம்" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

பாரோய் தாண்டியதும் மழை பிடித்தது. ஏற்றம் தொடங்கியது. கண்ணாடியில் நீராவி படிந்து வெளியே தெரியவில்லை. குளிரூட்டியை ஒரு நிமிடம் போட்டு அணைத்தாள். முப்பத்தொன்று. வளைவு. இருபத்தெட்டு. நான் திரையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் கொஞ்சம் அழுத்தினாள். இருபத்தெட்டிலிருந்து எண் பதினொன்றுக்கு விழுந்தது. நடுவில் எந்த எண்ணும் வரவில்லை.

"மாமா," என்றாள்.

திரையில் ஒரு மஞ்சள் ஆமைச் சின்னம் தோன்றியது. காலை எவ்வளவு அழுத்தினாலும் கார் நடக்கும் வேகத்தில்தான் ஊர்ந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எங்களை உரசுவது போல் தாண்டிப் போயின, ஒவ்வொன்றும் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போனது. அவள் எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். கார் நின்றது. அதன்பின் அசையவில்லை.

இழுவை லாரிக்குப் போன் செய்தாள். மழை, வர நேரமாகும் என்றார்கள்.

நான் அப்போது சொன்னதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "காலையில நீ சரியா சார்ஜ் போடலையாம்மா?"

"முழுசாத்தான் மாமா போட்டேன்."

பின்னாலிருந்து தங்கை சொன்னாள். "அண்ணன் பேட்டரியெல்லாம் பாத்துத்தானே வாங்குனாரு. நீதான் அந்தப் போன நோண்டிக்கிட்டே ஏதாச்சும் மறந்திருப்ப."

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

சிறிது நேரம் கழித்துத் தங்கை தன் மகளை மெதுவாகக் கூப்பிட்டாள். "ஏம்மா... எனக்கு வர்ற மாதிரி இருக்கு." குரல் எனக்குக் கேட்கக்கூடாது என்று தாழ்த்தியிருந்தாள். அந்தச் சாலையில், அந்த மழையில் அவளை எங்கே கொண்டுபோவது? நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே மகள் அம்மாவைச் சமாதானப்படுத்தும் குரல் கேட்டது. "பரவால்லம்மா. பரவால்ல. நான் ஆஸ்பத்திரியில தெனமும் செய்யற வேலதானே." தங்கை அழுதாள். அவள் கணவர் இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவள்.

ஒரு மலாய்க்காரர் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி இருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டார். நான் இழுவை லாரி வரும்வரை காரோடு நின்றேன்.

காரை அந்தக் கம்பெனி ஷோரூமோடு சேர்ந்த சர்வீஸ் நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து மருமகள் என்னைக் கூட வரச் சொன்னாள். அதே பெண் வந்தாள். இந்த முறையும் மருமகளைப் பார்த்தே பேசினாள். பேட்டரியின் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டது. ஏற்றத்தில் அது கைவிட்டுவிடுகிறது. இதற்கு முன் வைத்திருந்தவர் வெளியே யாரிடமோ கொடுத்துப் பேட்டரியைத் திறந்து வேலை பார்த்திருக்கிறார், அதனால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விட்டது. புதுப் பேட்டரி போடும் விலைக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம். பிறகு அவள் கேட்டாள்: வாங்குவதற்கு முன்னால் ஏன் இங்கே கொண்டுவரவில்லை? வேறு கடைக் காரையும் நாங்கள் சோதித்துக் கொடுப்போமே, ஒரு மணி நேர வேலைதான்.

"கடையிலயே சோதிச்சாங்க," என்றாள் மருமகள். என் பக்கம் திரும்பினாள். "எங்க குடுத்து சோதிச்சாங்க மாமா? அவங்கள்ட்ட கேக்கலாமே."

அந்த அறையில் அதே குளிர். ஓரத்து நாற்காலி அங்கேயே இருந்தது.

"சோதிக்கலம்மா," என்றேன்.

"என்னா மாமா?"

"யாரும் சோதிக்கல. அவன் ஸ்கேன் போடலாம்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

சீனப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

"அன்னைக்கு மலையில, அம்மா என்னைத் திட்டுனப்ப, அப்பவும் சொல்லல" என்றாள் மருமகள்.

"சொல்லல."

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

அவள் சிரம்பானில் அறை எடுத்துக்கொண்டாள். வாரத்தில் லீவு கிடைக்கும் நாள் மட்டும் பஸ்ஸில் வந்தாள். மற்ற இரவுகளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தங்கையைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

தம்பினுக்குப் போய் என் மாணவனிடம் பேசிப் பார்த்தேன். சத்தம் போடலாம் என்றுதான் போனேன். "சார், நான் கேட்டேன்ல சார், ஸ்கேன் போடலாமான்னு?" என்றான். கேட்டான்தான். தே தாரே குடிக்காமல் வந்துவிட்டேன்.

தங்கையிடம் சொல்ல எனக்கு இன்னும் சில நாள் ஆயிற்று. படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷோரூம், நாற்காலி, கடை, பொய், மலையில் வாயை மூடிக்கொண்டிருந்தது. பேட்டரியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப ஆடின்னு சொன்னது?"

"அதுவும் சும்மாதான்."

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். "நீங்க ஆடியெல்லாம் நம்பமாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதாண்ணே. தங்கச்சி மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுல எல்லாம் பெருமையா சொன்னேன்."



என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். என்னிடம் ஒரு பெட்ரோல் கார் இருந்தது, உள்ளூர்த் தயாரிப்பு, அதிகம் ஓடாதது. அதை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு மின்சாரக் காரை நான் எடுத்துக்கொள்வது, அதன் மாதத் தவணையை நான் கட்டுவது, அவளுக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுப்பது. அவள் வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை மேசைமேல் வைத்தேன்.

"நல்ல காடிமா. நான் பாத்துப் பாத்து ஓட்டினது. ஒரு குறையும் இல்ல."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் சாவியை எடுக்கவில்லை.

"நாளைக்கு பட்டறைக்குப் போவோம் மாமா. சோதிச்சுட்டு எடுத்துக்கறேன். நீங்களும் வாங்க."

கோலா பிலாவில் ஒரு பட்டறையில் காரைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். அவள் அடியில் குனிந்து நின்று ஒவ்வொன்றையும் கேட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. பிரேக்கும் மாற்ற வேண்டியிருந்தது. எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது. ஆனால் அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அவள் என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. "மாத்திருங்க" என்று பட்டறைக்காரரிடம் சொன்னாள். மாற்றி முடியும்வரை இருவரும் அந்தப் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் காத்திருந்தோம்.

இப்போது அவள் அறையைக் காலி செய்துவிட்டாள். தினமும் வீட்டுக்கு வருகிறாள். அம்மாவைத் தூக்கிப் படுக்க வைக்கிறாள். தங்கை என்னோடு பேசுகிறாள், சோறு ஆச்சா, மழை வருமா என்ற அளவில். அந்த ஆடிப் பேச்சுக்குப் பிறகு நாள் நட்சத்திரம் எதையும் என்னிடம் கேட்பதில்லை. காலண்டரைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பார்க்கச் சொல்கிறாள். கூட வந்து கார் பாருங்கள் சார் என்று தோட்டத்தில் இருவர் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, மருமகளிடம் கேளுங்கள் என்றேன். கேட்கப் போனார்கள்.

மின்சாரக் கார் என் வீட்டு முன்னால் நிற்கிறது. கோலா பிலா பாசார் வரைக்கும் போய் வருவேன். மலைப் பக்கம் போவதில்லை. நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும்போது சில நாள் மருமகள் வேலை முடிந்து வருவாள். காரை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

"எவ்ளோ காட்டுது மாமா?"

"அம்பத்தி மூணும்மா."

அவள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவாள். காருக்குள் குனிந்து எண்ணைப் பார்ப்பாள். பிறகு அம்மாவைத் தூக்கப் போவாள்.